இரவு நேர ஆக்சிஜன் சிகிச்சை: முதல் பரிசோதனையிலிருந்து படுக்கையறை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்குத் தூக்கத்தில் ஆக்சிஜன் அளவு 82 வரை இறங்குகிறது என்று தெரிந்த அன்றே, அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷினுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். மெஷின் வீட்டுக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் போய், "எத்தனை லிட்டர் வைக்கட்டும்?" என்று கேட்டேன். அவர், "இறங்குகிறது, சரி. எதனால் இறங்குகிறது?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பரிசோதனைகள் முடிந்து, அப்பாவுக்கு முதலில் வேண்டியது வேறொரு மெஷின் என்று தெரிய மூன்று வாரம் ஆனது. அதுவரை கான்சென்ட்ரேட்டர் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. கிடந்ததே நல்லது என்று பிற்பாடு புரிந்தது.

அதன் பிறகு சொந்தத்திலும் பழக்கத்திலும் சிலருக்கு இந்த ஏற்பாட்டில் கூடமாட நின்றிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். கருவி முதலில் வந்துவிடுகிறது, காரணம் கடைசியில் வருகிறது. கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். இது பெரியவர்களுக்கானது, குழந்தைகளுக்குக் காரணமும் சிகிச்சையும் வேறு. எத்தனை லிட்டர் என்பதை மட்டும் இங்கே தேடாதீர்கள். அது உங்கள் டாக்டர் எழுதித் தர வேண்டியது.

1. எதனால் இறங்குகிறது என்பதை முதலில் பிரியுங்கள்

தூக்கத்தில் ஆக்சிஜன் குறைவது ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்களின் விளைவு. அதிகம் காணப்படுவது, தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவது. குறட்டை, திடீர் அமைதி, அப்புறம் ஒரு பெரிய திணறலோடு மீண்டும் குறட்டை என்று போகும். மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு இத்தகைய தடைகளும் அரைகுறை அடைப்புகளும் சேர்ந்து 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது.

இரண்டாவது வகையில் பாதை திறந்தே இருக்கும். மூளையிலிருந்து 'மூச்சு இழு' என்ற கட்டளை விட்டுவிட்டு வரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும், ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். மூன்றாவது, மூச்சு நிற்காமலே ஆழம் குறைவது. மிகுந்த உடல் பருமன், தசை நரம்பு நோய்கள், முதுகெலும்பு வளைவு ஆகியவற்றில் இப்படி ஆகும். நான்காவது, நுரையீரலே பழுதாகியிருப்பது: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய் போன்றவை.

இவ்வளவு பிரிப்பதற்குக் காரணம் உண்டு. தொண்டை அடைபடுகிற ஆளுக்கு மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் அது அடைப்பைத் திறக்காது. ஆக்சிமீட்டரில் எண் அழகாகத் தெரியும். மூச்சு நிற்பதும் தூக்கம் கலைவதும் தொடரும். சிலரிடம் ஒவ்வொரு தடையும் இன்னும் நீளமாகவே ஆகிவிடும். அவர்களுக்கு முதல் சிகிச்சை காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் என்ற மெஷின். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டபோது, ரத்த அழுத்தத்தைக் குறைத்தது சிபாப்தான்; இரவு ஆக்சிஜன் மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

2. டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் கவனியுங்கள்

தூங்குகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. அதனால் பக்கத்தில் படுப்பவர்தான் முதல் சாட்சி. மூச்சு நிற்கிறதா, எத்தனை வினாடி, மல்லாந்து படுத்தால் கூடுகிறதா, எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், காலையில் தலைவலி உண்டா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாரா என்பதைக் குறித்து வையுங்கள்.

செல்போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுங்கள். முகமும் மார்பும் வயிறும் தெரிய வேண்டும், சத்தம் பதிவாக வேண்டும். நான் பத்து நிமிடம் சொல்லிப் புரிய வைக்க முடியாததை அப்பாவின் 40 வினாடி வீடியோ சொல்லிவிட்டது. வயிறு ஏறி இறங்குகிறது, மூக்கில் சத்தமே இல்லை. பாதை அடைபட்டிருப்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

மருந்துப் பட்டியலை முழுதாக எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலி மருந்து, மது மூன்றும் இரவு மூச்சைக் கெடுக்கக்கூடியவை. மதுவைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. அதை மறைத்தால் பரிசோதனை முடிவையே தப்பாகப் படிக்க நேரும். மாத்திரைகளை நீங்களாகவும் நிறுத்த வேண்டாம்.

3. ஓர் இரவு முழுக்கப் பதிவு எடுங்கள்

விரலில் மாட்டும் சிறிய பல்ஸ் ஆக்சிமீட்டரை நள்ளிரவில் எழுந்து மாட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதனால் அதிகப் பயன் இல்லை. நீங்கள் விரலைத் தொட்டதுமே அவர் பாதி விழித்துவிடுவார், எண்ணும் ஏறிவிடும். வேண்டியது இரவு முழுக்கப் பதிந்து வைக்கும் வகை.

பதிவுக்கு முன் நகப்பூச்சை நீக்குங்கள். கை சில்லென்று இருந்தால் சூடாக்குங்கள். கருவியின் வயரை முழங்கை வரை தளர்வாக ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடுங்கள். புரளும்போது சென்சார் கழன்று ஏற்படும் பள்ளங்கள் பதிவில் ஆக்சிஜன் சரிவு மாதிரியே தெரியும். கருமையான தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். புகை பிடிப்பவர்களின் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடைக்கூட இது ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும்.

இரண்டு மணி நேரப் பதிவு போதும் என்று விட்டுவிடாதீர்கள். கனவு வரும் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது தசைகள் மிகவும் தளர்வதால் பெரிய சரிவுகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். அப்பாவின் பதிவில் 1 மணி வரை எண் 90-க்கு மேலேயே இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நலம் என்று எழுதியிருப்பார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் மிகக் குறைந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள். அதைவிட முக்கியம், மொத்தம் எவ்வளவு நேரம் கீழே இருந்தது என்பது. 88 சதவீதமோ அதற்குக் கீழோ, தூக்கத்தில் குறைந்தது 5 நிமிடம் என்பது ஆக்சிஜன் எழுதித் தரவும் காப்பீட்டு அனுமதிக்கும் பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோல்.

அப்புறம் வரைபடத்தின் வடிவத்தைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் இறங்கி ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரேயடியாக இறங்கி, நீண்ட நேரம் கீழேயே கிடந்தால் நுரையீரலோ மேலோட்டமான மூச்சோ காரணமாக இருக்கலாம். இது டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க உதவும், அவ்வளவுதான். நோயைத் தீர்மானிக்க இது போதாது.

அதற்குத்தான் தூக்க ஆய்வு. தலையில் மூளை அலைக்கான மின்முனைகள், மூக்கில் காற்றோட்ட சென்சார், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிமீட்டர், காலில் தசை அசைவுக்கு ஒன்று. இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமான தூக்கம் வராது, உண்மைதான். ஆனாலும் கிடைக்கிற சில மணி நேரத் தூக்கம் பெரும்பாலும் போதும். வீட்டிலேயே எடுக்கும் சுருக்கமான சோதனையும் உண்டு. இதய நோய், நுரையீரல் நோய், தசை நரம்பு நோய் உள்ளவர்களுக்கு அது போதாது. முழு ஆய்வையே கேளுங்கள்.

4. கார்பன் டை ஆக்சைடைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆக்சிமீட்டர் உள்ளே போகும் ஆக்சிஜனை மட்டுமே காட்டும். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்குகிறதா என்பதை அது காட்டவே காட்டாது.

மூச்சின் ஆழம் குறைந்தவர்களுக்கும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு முற்றியவர்களுக்கும் இந்தத் தேக்கம் இருக்கலாம். அவர்களுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடும். இரவெல்லாம் எண் 97 காட்டும், காலையில் தலை பாரமாகி ஆள் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டிலுள்ளவர்கள் 'பாவம், இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவார்கள். நான் நேரில் பார்த்த ஆபத்தான தவறு இதுதான்.

இதைக் கண்டுபிடிப்பது ஏபிஜி எனப்படும் ரத்த வாயுப் பரிசோதனை. மணிக்கட்டில் தமனியிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையைவிட வலிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்பே சொல்லுங்கள், எடுத்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம். 45-ஐத் தாண்டினால் தேக்கம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 27 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், குறிப்பாகப் பருமனானவர்களிடம், சந்தேகப்பட இடமுண்டு.

எடுக்கும்போது அறைக்காற்றில் இருந்தாரா, ஆக்சிஜனில் இருந்தாரா என்பது அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளே மாறிவிடும்.

தேக்கம் உண்டென்றால் பெரும்பாலும் பேச்சு பைபாப் பக்கம் திரும்பும். இழுக்கும் மூச்சுக்கு ஓர் அழுத்தம், விடும் மூச்சுக்குக் குறைந்த அழுத்தம் என்று கொடுத்து, மூச்சின் ஆழத்தை அது கூட்டும். ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதனோடு சேர்ப்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் 88 முதல் 92 வரை என்று இலக்கு வைப்பதும் உண்டு. '92 போதுமா, 98 ஆக்கிவிடலாமே' என்று நாப்பைத் திருகாதீர்கள்.

5. சீட்டில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்

'வீட்டு ஆக்சிஜன், 2 லிட்டர்' என்று மட்டும் எழுதிய சீட்டோடு கிளம்பிவிடாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்தக் கருவி வழியாக, தூக்கத்தில் மட்டுமா பகலிலும் நடக்கும்போதுமா, ஆக்சிமீட்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்க வேண்டும், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கருவி கொடுப்பவரும் காப்பீட்டுக்காரரும் கேட்பது இவற்றைத்தான். ஒன்று விடுபட்டாலும் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

பகலிலும் ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள நுரையீரல் நோயாளிகளுக்கு இரவோடு நிறுத்தாமல் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் எழுதுவது வழக்கம். ஆயுளைக் கூட்டுவதாகத் தெரிந்திருப்பது அந்த நீண்ட நேரச் சிகிச்சைதான். பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் இறங்கும் நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குப் பலன் எவ்வளவு என்பது இன்னும் தீராத கேள்வி. அதைச் சோதிக்கப் புறப்பட்ட ஓர் ஆய்வு போதிய ஆட்கள் சேராமல் முன்கூட்டியே நின்றது. 2020-இல் வெளியான முடிவிலிருந்து உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் டாக்டர் 'இப்போது வேண்டாம்' என்றால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

6. கருவியைத் தேர்ந்தெடுப்பது

இத்தனைக்கும் பிறகுதான் கருவி. வீட்டில் வைக்கும் கான்சென்ட்ரேட்டர் அறைக்காற்றை உள்ளிழுத்து, சியோலைட் என்ற தாதுவால் நைட்ரஜனைப் பிடித்துவைத்து, ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜனை வெளியே விடுகிறது. மின்சாரம் இருக்கும்வரை தீராது. 5 லிட்டர் மெஷின், 10 லிட்டர் மெஷின் என்பது நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதைக் குறிப்பது.

தோளில் மாட்டும் சிறிய கான்சென்ட்ரேட்டரைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதிகம். அவற்றில் பல, நீங்கள் மூச்சு இழுப்பதை உணர்ந்து ஒரு சிட்டிகை ஆக்சிஜன் விடும் வகை. தூக்கத்தில் மூச்சு மெல்லியதாகிவிடும், வாய் திறந்துகொள்ளும். மெஷின் அந்த மூச்சை உணராமலே போகலாம். இரவுக்கு இடைவிடாமல் ஓடும் வகையே வேண்டும். தோளில் மாட்டும் அந்த வகையில் வரும் '2' என்ற எண் 2 லிட்டர் அல்ல, வெறும் ஓர் அளவுக்குறி என்பதையும் கவனியுங்கள்.

பழைய மெஷின் வாங்கினால் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற மீட்டரைப் பாருங்கள். ஆக்சிஜன் அனலைசரை வைத்து, உங்களுக்கு எழுதிய அளவில் ஓடவிட்டுத் தூய்மையைச் சோதிக்கச் சொல்லுங்கள். சியோலைட் களைத்துப்போன மெஷினும் அதே சத்தத்தோடு ஓடும், அதே காற்றை ஊதும். ஊதுவதில் ஆக்சிஜன் மட்டும் குறைவாக இருக்கும்.

7. படுக்கையறையைத் தயார் செய்யுங்கள்

மெஷினைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி வையுங்கள். அது காற்றை உள்ளே இழுக்க வேண்டும், சூட்டை வெளியே விட வேண்டும். சத்தம் தொந்தரவு என்று அலமாரிக்குள் வைத்து மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடேறி நடுராத்திரியில் அலறும். அதற்குப் பதில் நீளக் குழாய் போட்டுப் பக்கத்து அறையில் வைக்கலாம். எவ்வளவு நீளம் வரை என்பதைக் கருவியின் கையேட்டில் பாருங்கள். மின்சாரத்துக்கு நேராகச் சுவர்ப் பிளக், நடுவில் நீட்டிப்பு வயர் வேண்டாம்.

குழாய் போகும் வழியை இரவில் கழிவறைக்குப் போகும் வழியோடு குறுக்கிட விடாதீர்கள். தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆக்சிஜன் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை வெறியோடு எரிய வைக்கும். போர்வையிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். அதனால் சிகரெட், மின்சிகரெட், மெழுகுவத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் 3 மீட்டருக்குள் வரக்கூடாது. குழாயைக் கழற்றிப் படுக்கையில் போடும்போதெல்லாம் மெஷினை நிறுத்துங்கள். மூக்கு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது பலருக்கும் பழக்கம். எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் வேண்டாம், நீர் அடிப்படையிலான ஜெல் தடவுங்கள்.

8. முதல் இரவு

படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே மெஷினைப் போடுங்கள். முழுத் தூய்மைக்கு வர அதற்குச் சில நிமிடம் ஆகும். அளவு காட்டும் கண்ணாடிக் குழலில் ஒரு சின்ன உருண்டை மிதக்கும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் தப்பாகத் தெரியும். குனிந்து, கண் மட்டத்துக்கு வைத்து, உருண்டையின் நடுப்பகுதி கோட்டில் இருக்கும்படி நாப்பைத் திருகுங்கள்.

அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரில் மூக்குக் குழாயின் இரு முனைகளையும் நனையுங்கள். குமிழி வந்தால் ஆக்சிஜன் வருகிறது. வராவிட்டால் ஈரப்பத பாட்டிலின் (ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டில்) மூடியைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் குற்றவாளி அதுதான். மரை கோணலாக ஏறியிருக்கும், ஆக்சிஜன் பக்கவாட்டில் கசிந்துகொண்டிருக்கும், மெஷின் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடும். கழற்றி, நேராக வைத்து, மறுபடி திருகினால் தீர்ந்தது. முனைகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

முனைகளின் வளைவு கீழ்நோக்கி, மூக்கின் உட்சுவரை ஒட்டிப் போக வேண்டும். தலைகீழாக மாட்டினால் மேல் சுவரில் குத்தி, புண்ணாகி, மூன்றாம் நாள் 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஆள் கழற்றிவிடுவார். குழாயைக் காதுக்கு மேலே சுற்றி, தாடைக்குக் கீழே இறக்கி, வளையத்தை இறுக்காமல் விடுங்கள். காதின் பின்புறம் தோல் சிவந்தால் மெல்லிய பஞ்சு உறை போடலாம். எஞ்சிய நீளத்தைத் தலைமாட்டுப் பக்கம் விடுங்கள். போர்வைக்குள் விட்டால் புரளும்போது மடிந்துகொள்ளும்.

ஈரப்பத பாட்டில் எல்லோருக்கும் தேவையில்லை. 4 லிட்டருக்குக் கீழே பலர் அது இல்லாமலே சமாளிக்கிறார்கள். வைப்பதானால் காய்ச்சி வடித்த நீர், இரு கோடுகளுக்கு நடுவே, தினமும் புதிதாக. தண்ணீர் கூடினால் குழாய்க்குள் போய்க் களகளவென்று சத்தம் போடும். அப்படி நேர்ந்தால் குழாயைக் கழற்றி உதறிவிட்டு மாட்டுங்கள்.

முதல் இரவிலேயே காலை வரை வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்பா அன்றைக்கு நான்கு முறை பிடுங்கிப் போட்டார், நான்கு முறையும் தூக்கத்திலேயே. சாயங்காலம் டிவி பார்க்கும்போது ஒரு மணி நேரம் மாட்டிப் பழக்கிய பிறகுதான் இரவில் தங்கியது.

9. சிபாப் அல்லது பைபாப்போடு சேர்த்து எழுதியிருந்தால்

சிபாப் மட்டும் போட்டும் ஆக்சிஜன் ஏறாதவர்களுக்கு இரண்டையும் சேர்ப்பார்கள். இதற்கென்று ஒரு சின்ன இணைப்பான் உண்டு. சிபாப்பின் காற்று வெளிவரும் இடத்துக்கும் நெடுங்குழாய்க்கும் நடுவே அது உட்காரும், அதன் பக்கவாட்டு முனையில் ஆக்சிஜன் குழாய் சேரும். சில முகமூடிகளிலேயே அதற்கான துளை இருக்கும்.

போடும்போது முதலில் சிபாப், காற்று ஓட ஆரம்பித்த பிறகு ஆக்சிஜன். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜன், அப்புறம் சிபாப். மாற்றிச் செய்தால் ஓடாத சிபாப்புக்குள் ஆக்சிஜன் பின்னோக்கிப் போய்த் தேங்கும். உள்ளே மின்பாகங்கள் இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து. இந்த வரிசையை ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் நினைவை நம்ப முடியாது.

மூக்குக் குழாயை மாட்டி அதன் மேல் முகமூடியை அழுத்திப் போடுவது சுலபமாகத் தெரியும். குழாய் போகிற இடத்தில் இடைவெளி விழும், அழுத்தம் கசியும், சிபாப் போட்ட பலனே போய்விடும். அதேபோல் மூக்குக் குழாயில் 2 லிட்டர் போதுமானவருக்குச் சிபாப்பில் அதே 2 லிட்டர் போதாமல் போகலாம். மெஷினின் பெருங்காற்று அதைக் கரைத்துவிடுகிறது. அளவைத் தனியாகப் பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்.

10. ஆக்சிஜன் போட்டபடி மறுபடி ஓர் இரவுப் பதிவு

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. மெஷின் வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். விழித்திருக்கும்போது போதுமாக இருந்த அளவு தூக்கத்தில் போதாமல் போகும், சிலருக்குக் கூடுதலாகிவிடும். எழுதிய அளவிலேயே, வழக்கமாகப் படுக்கும் நிலையில், வீட்டுப் படுக்கையிலேயே பதிவு எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் வாய்ப்புள்ளவர் என்றால் காலையில் எழுந்ததும் மறுபடி ரத்த வாயுப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

11. பராமரிப்பும் மின்தடையும்

மெஷினின் வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். மூக்குக் குழாயை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மாற்றுங்கள். சளி பிடித்தால் குணமானதும் உடனே. குழாய் கெட்டியாகி மஞ்சள் நிறம் தட்டினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 2.8 கிலோவாட் மணி வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த பேட்டரி அதைத் தாங்காது. சிலிண்டர் ஒன்றைத் துணைக்கு வையுங்கள். கணக்கு எளிது: நீர்க் கொள்ளளவு 10 லிட்டர், அழுத்தம் 150 பார் என்றால் உள்ளே சுமார் 1500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். முழுதாகக் காலியாக விடக்கூடாது என்பதால் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள், ரெகுலேட்டர் மரையில் எண்ணெய் தொடக்கூடாது. மின்சாரம் இருக்கும் ஒரு பகல் வேளையில் மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்பேனரை இருட்டில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

12. எப்போது போன் செய்ய வேண்டும், எப்போது மறுபடி பார்க்க வேண்டும்

ஆக்சிஜன் தொடங்கிய பிறகு புதிதாகக் காலைத் தலைவலி, பகலெல்லாம் மயக்கமான தூக்கம், குழப்பமான பேச்சு, நீட்டிய கை படபடவென்று ஆடுவது ஆகியவை வந்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதாக இருக்கலாம். அன்றே டாக்டரை அழையுங்கள். எழுப்பினால் விழிக்கவில்லை, உதடு நீலம் பூக்கிறது, ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, ஆம்புலன்ஸ்தான்.

எண் குறைந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், அடுத்து சென்சார், அடுத்து குழாய் மடிப்பு, அடுத்து பாட்டில் மூடி, கடைசியாக மெஷின். எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லையென்றால் டாக்டரைக் கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள்.

நிமோனியா போன்ற ஒன்றுக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வரும்போது எழுதித் தந்த ஆக்சிஜன் என்றால் 90 நாளுக்குள் மறுபரிசோதனை செய்யுங்கள். நுரையீரல் தேறிய பிறகு பலருக்கு அது தேவைப்படுவதில்லை. யாரும் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எடை கணிசமாகக் கூடினாலும் குறைந்தாலும், சிபாப் அழுத்தத்தை மாற்றினாலும், புதிய தூக்க மாத்திரையோ வலி மருந்தோ சேர்ந்தாலும் மறுபரிசோதனை வேண்டும். போகும்போது இரண்டு இரவுப் பதிவுகளையும், மெஷினில் இப்போது உருண்டை எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை எடுத்த ஒரு போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள். சீட்டில் 2 என்றும் மெஷினில் 3 என்றும் இருப்பது டாக்டரின் மேஜையில்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது.